தகரக் கொட்டகைக்கு இரண்டாம் கூரை போட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருடைய வீட்டுச் சுவரில் அவர் ஒருமுறையாவது உள்ளங்கையை வைத்துப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு ஏதாவது சொல்லியும் இருப்பார். அதைக் கேட்டு மனம் வருந்தியவர்கள் இருந்தால், உடன்பிறந்தவன் என்ற முறையில் முதலில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

அக்கா பிறந்தது அஸ்தினாபுரத்தில். எங்கள் தந்தையார் ரயில்வேயில் பணியாற்றினார். மூத்தவர் அக்கா, அடுத்தவன் நான். எனக்குப் பின் யாரும் இல்லை. எனவே அதிகாரம் செய்ய அவரும், அடங்கி நடக்க நானும் வெளியே ஆள் தேட வேண்டிய அவசியம் நேரவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் தையல் கற்றார். பிறகு செம்பாக்கத்தில் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். மாமா ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மிகவும் சாந்தமானவர். எந்த வேலையையும் தொடங்கும் முன்பே அது ஏன் நடக்காது என்று பொறுமையாக விளக்கக்கூடியவர். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி அக்கா குறைபட்டு நான் கேட்டதில்லை.

தொழிற்சாலை மூடப்பட்டபோது மாமா செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கத் தொடங்கினார். அக்கா மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பழைய தையல் மெஷின்களை வாங்கி, தெருவில் உள்ள பெண்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிச் சீருடை தைக்கத் தொடங்கினார். சீருடைத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. பள்ளி திறப்பது ஜூனில். ஆகவே தைப்பது மே மாதத்தில். மே மாதத்தில், மொட்டை மாடியில், தகரத்தின் கீழே.

முதல் ஆண்டுக் கத்திரி வெயிலில் விமலா என்ற பெண் மயங்கி மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். சாயும்போது மிதியில் கால் அழுந்தியதில், அவருடைய முந்தானை ஐந்தாம் வகுப்புக் காற்சட்டை ஒன்றோடு சேர்த்துத் தைக்கப்பட்டுவிட்டது. தண்ணீர் தெளித்து எழுப்பிக் கீழே அழைத்துப் போனபோது காற்சட்டையும் அவர் பின்னாலேயே படி இறங்கி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். தெளிந்ததும் விமலாவும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் சாந்தி என்ற இன்னொரு பெண் வந்து நின்றார். "அக்கா, என்னத் தப்பா நெனைச்சுக்காத. வூட்ல ரெண்டு புள்ளைங்க கீது. நான் இந்தச் சட்டியில வெந்து பூட்டா அதுங்கள யாரு பாப்பா? கத்திரி முடிஞ்சதும் வரேன்."

கத்திரி முடிந்த பிறகு சீருடைக்கு வேலை இல்லை. பெண்கள் நின்றுவிட்டால் தம் வீட்டு அடுப்பும் நின்றுவிடும் என்பதை அக்கா அறிவார். "சூடு கொறையற வரைக்கும் நீ வரவேணாம் சாந்தி. நான் அந்தச் சூட்டப் பாத்துக்கறேன்" என்றார். அன்று தொடங்கியது அவருக்கும் வெயிலுக்குமான போர்.

முதலில் மின்விசிறிகள் வாங்கி மாட்டினார். அவை கூரையடியில் தேங்கியிருந்த சூட்டைச் சிந்தாமல் கீழே இறக்கி எல்லோருக்கும் சமமாகப் பரிமாறின. அடுத்து தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தார். உண்மையாகவே நன்றாக இருந்தது. ஒரு கோடைமழைக் காற்றில் அத்தனையும் கிளம்பி அடுத்த வீட்டு சாமுவேல் சார் வாசலில் போய் இறங்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர் காலையில் ஒரு கீற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"குருத்தோலை ஞாயிறு முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சும்மா. இப்ப எதுக்கு எனக்கு இவ்வளவு ஓலை?"

அடுத்தது தெர்மாகோல். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய பெரிய அட்டைகளை மாமா ஸ்கூட்டரின் பின்னால் குறுக்காகக் கட்டிக்கொண்டு வந்தார். இது நடக்காது என்று கட்டும்போதே சொல்லியிருக்கிறார். பெரிய சாலையில் பேருந்து ஒன்று கடந்த வேகத்தில் வண்டி ஓரமாக மிதந்து போனதாகப் பின்னாளில் விவரிப்பார். சந்திப்பில் நின்ற போக்குவரத்துக் காவலர், "இன்னா சார், றெக்க கட்டிகினு எங்க கெளம்பிட்டே?" என்று கேட்டாராம். வீடு வந்து சேர்ந்தவை பாதி அட்டைகளே.

அவற்றைத் தகரத்தின் அடியில் பசை போட்டு ஒட்டினார்கள். பத்து மணி வெயிலில் பசை இளகியது. அட்டைகள் ஒவ்வொன்றாகப் பெண்களின் தலையில் இறங்கின. அடிபட்டவர் யாருமில்லை, ஆனால் வெள்ளை மணிகள் எல்லாத் துணியிலும் ஒட்டிக்கொண்டன. சீருடை வாங்கிய பள்ளியிலிருந்து ஒரு தாயார் வந்து, மகனுடைய சட்டைப் பையில் ஜவ்வரிசி இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு போனார்.

இந்த நிலையில்தான் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி ஹாட் பாக்ஸில் இட்லி வைத்திருந்தாள். எங்கள் திருமணத்துக்கு வந்த பரிசு அது. காலையில் சுட்ட இட்லி மதியம் ஆவி பறந்ததைக் கண்ட அக்கா, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சமையலறைக்குள் போனார். ஏதோ உடையும் சத்தம் கேட்டது.

"தம்பி, இங்க வந்து பாரேன். ரெண்டு சுவர். நடுவுல கொஞ்சம் பஞ்சு மாதிரி என்னமோ கீழே மட்டும் இருக்கு. மீதியெல்லாம் வெறும் காத்துதான்" என்று இரண்டாகப் பிளந்த டப்பாவைக் காட்டினார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாது என்றால், வெளியே இருக்கும் சூடும் உள்ளே வராது. இவ்வளவுதான் அக்காவின் கணக்கு. வெல்டரை அழைத்து, இருக்கும் தகரத்துக்கு மேலே ஒரு ஜாண் இடைவெளி விட்டு இன்னொரு தகரம் போடச் சொன்னார். மாமா வழக்கம்போல் விளக்கினார்.

"காத்து வெயில நிறுத்தும்னா தெருவுல ஏம்மா சுடுது? தெரு பூரா காத்துதானே?"

"அது அலையற காத்துங்க. இது நான் புடிச்சு வெக்கப்போற காத்து."

பிடித்தே வைத்தார். புறா நுழையக் கூடாது, காற்றும் வெளியே போய்விடக் கூடாது என்று இடைவெளியின் இரு முனைகளையும் செங்கல் வைத்து அடைத்தார். முன்பைவிடச் சற்றுத் தேவலை என்று பெண்கள் சொன்னார்கள். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். மதியத்துக்கு மேல் மேலிருந்து வந்த அனல் மாலை வரை தணியவே இல்லை. விமலா மடியில் ஈரத்துணி வைத்துக்கொண்டு தைத்தார். புதுக் கூரை என்று கேள்விப்பட்டு வந்த சாந்தி மறுபடி வீட்டுக்குப் போய்விட்டார். அன்று அக்கா படியில் தனியாக உட்கார்ந்திருந்ததாகவும், கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை என்றும் மாமா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர் குரலில் விளக்கம் எதுவும் இல்லை.

சில நாட்களில் கிழக்கு முனையில் ஒரு செங்கல் சரிந்து விழுந்தது. நல்ல உச்சி வெயிலில் அந்த ஓட்டையிலிருந்து ஒரு வால் தொங்கி ஆடுவதை விமலா பார்த்தார். தெருப்பூனை ஒன்று இரண்டு தகரத்துக்கும் நடுவே நான்கு குட்டிகளோடு கால் நீட்டிப் படுத்திருந்தது.

"பாரு அக்கா அநியாயத்த. பூன ஏசி ரூம்ல படுத்துகினு கீது. நாம இங்க வெந்துகினு கீறோம்."

அக்கா நாற்காலி போட்டு ஏறி அந்த ஓட்டையில் கையை விட்டார். பூனை பிறாண்டியது. கையை எடுக்காமல் இன்னொரு நிமிடம் வைத்திருந்து பார்த்துவிட்டு இறங்கினார். "ஓட்டை இருக்கற எடத்துல மட்டும் காத்து வருது. மத்ததெல்லாம் அடைஞ்சு கெடக்கு" என்றார். அன்றே இரு முனைச் செங்கற்களையும் எடுத்துவிட்டு, புறாவுக்கு மட்டும் கம்பி வலை அடித்தார். குட்டிகள் வளரும்வரை பூனை இருந்த பக்கத்து வலையை அடிக்க விமலா சம்மதிக்கவில்லை. ஒரு பக்கம் நுழைந்த காற்று, மேல் தகரத்தின் சூட்டைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் போயிற்று. கீழ்த் தகரத்தைத் தொட்டுப் பார்த்தால் கை பொறுத்தது. கொட்டகை ஊட்டியாகிவிடவில்லை, ஆனால் மனிதர் உட்காரலாம்.

"புடிச்சு வெச்ச காத்துன்னியே" என்றார் மாமா.

"இப்ப விட்டுட்டேன்" என்றார் அக்கா.

சாந்தி திரும்பி வந்தார். அந்த ஆண்டுச் சீருடைகள் பள்ளி திறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு எந்தக் கத்திரியிலும் அந்தக் கொட்டகையில் யாரும் மயங்கி விழவில்லை.

வெற்றி பெற்றவர்கள் சும்மா இருப்பதில்லை. அக்கா போன வீட்டிலெல்லாம் சுவரைத் தொட்டுப் பார்த்தார். எங்கள் மேற்குச் சுவரில் கை வைத்து, "தம்பி, இது சுவரில்ல, தோசைக்கல்லு" என்றார். சாமுவேல் சார் அவர் பேச்சைக் கேட்டுச் சமையலறையில் வெயில் விழும் சுவருக்கு உட்புறம் இடைவெளி விட்டு இன்னொரு சுவர் எழுப்பினார். அறை குளிர்ந்தது. குளிர்சாதனப் பெட்டி உள்ளே நுழைய மறுத்தது. இன்றுவரை அது அவருடைய வரவேற்பறையில் இருக்கிறது. விருந்தினருக்குத் தண்ணீர் எடுக்க வசதி என்று அவர் பெருந்தன்மையோடு சொல்கிறார்.

சென்ற ஆண்டு அக்காவின் இதயம் பலவீனமாகிவிட்டது என்று மருத்துவமனையில் சேர்த்தோம். மேல்மாடிப் பிரிவு. மருத்துவர் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். "நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர். உங்க மேக்குச் சுவருக்குத்தான் ஒடம்பு சரியில்ல" என்றார் அக்கா. அவர் வீடு திரும்பும் நாளில் அந்த மருத்துவர் தம் வீட்டு மாடியறையைப் பற்றிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். யார் யாருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும், பகலில் தம்மைக் கொட்டகையில்தான் படுக்க வைக்க வேண்டும் என்றார். அவரை நாற்காலியில் வைத்து மேலே தூக்கிப் போனோம். மெஷின்கள் ஓடும் சத்தத்தில் உறங்குவார். ஏதாவது ஒன்று நின்றால் கண் திறந்து, "ஏன், நூலு அறுந்துதா?" என்பார். மே மாதத்தில் ஒரு பிற்பகல், அவர் அசந்து தூங்குகிறார் என்று எண்ணி விமலா எல்லா மெஷின்களையும் நிறுத்தச் சொன்னார். அக்கா ஏன் என்று கேட்கவில்லை.

சிகிச்சையளித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், இறுதி நாளில் தம் வாசலில் பந்தல் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த சாமுவேல் சாருக்கும், அக்காவை நாற்காலியோடு மேலே ஏற்றிய தெரு இளைஞர்களுக்கும், எல்லாவற்றையும் மறந்து மன்னித்துவிட்ட என் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரித்தாகுக. விமலாவுக்கும் சாந்திக்கும் நன்றி என்று எழுதினால் அவர்கள் என்னைத் திட்டுவார்கள். தொழிலை இப்போது அவர்கள் இருவருமே நடத்துகிறார்கள்.

அக்கா போன பிறகு மாமா மாடிப்படி ஏறவே இல்லை. சென்ற மாதம் பெண்களுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு முதன்முறையாக மேலே போனார். விமலா ஒரு முக்காலியைத் தள்ளிப் போட்டு, "குந்து மாமா" என்று சொல்லி, ஊசியையும் பித்தான்களையும் சட்டைகளையும் மடியில் வைத்துவிட்டார். இது தமக்கு ஏன் வராது என்று மாமா விளக்கினார். யாரும் கேட்கவில்லை. இப்போது தினமும் போகிறார். ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு உங்கள் பிள்ளைகளின் சட்டையில் பித்தான் கழன்று விழுந்தால், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் கற்றுக்கொண்டிருக்கிறார்.