பாட்டுக்கு முன்னால் என் குரல்

ஜெர்மனியில் அதிகாரிகள் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்கிறார்கள். எனக்கு அது இன்னும் பழகவில்லை. போன ஞாயிறு ஃப்ளோமார்க்ட் என்கிற பழைய சாமான் சந்தையில் மேசை போட்டிருந்தேன். பெண் அதிகாரி ஒருவர் வந்து "குட்டன் டாக்" என்றதும் என் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. கையில் என்ன என்று கேட்டார். கைதான் என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு, மேசையில் ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் ஆர்வக்கோளாறில் நான் விலைக்கு வைத்திருந்த ஆரணி எம்பி3 சிடிகளைக் கையில் எடுத்தார்.

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அண்ணன் சிடி கடை வைத்திருந்தான். சென்னையிலிருந்து வரும் திருட்டு சிடிகளை விற்பான். விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குத் தறிச் சத்தத்தை மீறிப் பாட்டு கேட்கணும். கம்ப்யூட்டரில் சவுண்டை ஏற்றிப் புது சிடியில் பதிப்பது என் வேலை. அதோடு விட்டேனா? ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் "சவுண்டு ஏத்தியது குமரன் மியூசிக்ஸ், ஆரணி" என்று என் குரலைச் சேர்த்தேன். தறிக்கொட்டகைக்கெல்லாம் என் குரல் தெரியும் என்று மிதப்பு.

ஒருநாள் பட்டப்பகலில் வெளியூர் போலீஸ் தனிப்படை ஜீப்பில் வந்து இறங்கியது. முதலில் கண்ணாடி அலமாரி நொறுங்கியது. அண்ணன் தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கவுண்டரில் மோதினார்கள். சிடி உறைகள்மேல் மூக்கு ரத்தம் வழிந்தது. நாங்க வாங்கி விக்கறவங்கதாங்க என்றான். விற்றாலும் அதே கேஸ்தான் என்று முட்டியில் அடித்தார்கள். பிறகு ஒரு சிடியைப் போட்டார்கள். என் குரல் பேசியது.

"யாருதுடா இது?"

"என்னுதுங்க சார்" என்றான் அண்ணன்.

பேசிக் காட்டச் சொன்னார்கள். அண்ணனுக்குக் கட்டைக் குரல். பொய் சொல்கிறாயா என்று லத்தி இறங்கியது. மறுபடியும் என்னுதுங்க என்றான். மூன்றாவது தடவை அவன் வலது மணிக்கட்டு விறகு மாதிரி முறிந்த சத்தம், கடை வாசலில் கூட்டத்தோடு நின்ற எனக்கே கேட்டது. நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்த வாரம் அது. என்மேல் கேஸ் விழுந்தால் படிப்பும் பயணமும் போச்சு. அவனுக்கும் அது தெரியும். ஜீப்பில் ஏற்றும்போது, யாரோ ஒருத்தனிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னான்: "வேடிக்க பாத்துகினு நிக்காத. ஜல்தியா போ."

போனேன். இவ்வளவு தூரம் போனேன்.

சந்தை அதிகாரி பக்கத்து மேசை பிளேயரில் சிடியைப் போட்டார். யார் பதித்திருந்தாலும் விற்கிறவர்தான் பொறுப்பு என்று பொறுமையாக விளக்கினார். என் குரல் வந்ததும் நிமிர்ந்தார்.

"பேசுவது யார்?"

முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னால் கொண்டுவந்தேன். "என்னுதுங்க" என்றேன், தமிழில். அவர் காத்திருந்தார். அவர் மொழியிலும் சொன்னேன். அடி விழவில்லை. எழுதி முடித்துத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

முறியாத மணிக்கட்டால் கையெழுத்துப் போட்டேன். இதே குரலுக்காக ஊர் கோர்ட்டில் அண்ணன் இன்னும் வாய்தாவுக்கு நடந்துகினு இருக்கிறான். அங்கே அவன் இடது கைப் பெருவிரலால் ரேகை வைக்கிறான்.