வளைவு வாந்தி

கொல்லிமலை ரோட்டில் என் மகள் வாந்தி எடுக்காமல் ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவு என்று பலகை வைத்திருக்கிறார்கள். அவளுக்கு அதில் பாதி கூடத் தேவைப்படாது. மலையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் இடுப்புக் குழந்தை. கணவருக்குக் கீழே நாமக்கல்லில் வேலை. வாரக் கடைசியில் மேலே வருவார், சில சமயம் நாங்கள் இறங்குவோம். பஸ் ஏறுமுன் பிளாஸ்டிக் கவரும் எலுமிச்சம்பழமும் ஈரத்துணியும் எடுத்துவைத்தேனா என்று பையைத் திறந்து திறந்து பார்ப்பேன். அவள் "அம்மா, வருது" என்பாள். நான் கவரை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வேன். பார்த்தால் எனக்கும் வந்துவிடும்.

அப்படிப்பட்ட பிள்ளைதான் பத்தாவது படிக்கும்போது ரக்பி ஆடப் போனாள்.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு மிளகு விவசாயியின் மகள் இருந்தாள். கீழே கல்லூரிக்குப் போய் அங்கே ரக்பி கற்றுக்கொண்டு, படிப்பு முடிந்ததும் ஒரு பந்தோடு மலைக்குத் திரும்பியவள். குச்சிக்கிழங்கு பிடுங்கிய காடு ஒன்றில் கல் பொறுக்கி, இரண்டு பக்கமும் சில்வர் ஓக் கம்பு நட்டு, தானே கோச்சாகிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். பையன்கள் வந்தார்கள். பெண் பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. ஒரு மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், உங்க பாப்பாவை அனுப்புனீங்கன்னா மத்த ஊட்டுலயும் அனுப்புவாங்க. டீச்சர் பொண்ணே போகுதாமான்னு ஒரு தைரியம் வரும்ல?"

எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிரவே கைபேசியில் ரக்பி என்று போட்டுத் தேடினேன். கழுத்து, பல், தலை என்று வரிசையாக வந்தது. மறுநாள் அவளிடம் அதையெல்லாம் ஒப்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் மகளை நிற்க வைத்து, தானே மண்டியிட்டு, பந்தோடு ஓடி வருபவரை எப்படிப் பிடித்துச் சாய்ப்பது என்று அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் காட்டினாள். "தலை எப்பவும் பக்கத்துலதான் இருக்கணுங்க, முன்னால போகக் கூடாது. கன்னம் அவங்க இடுப்புல ஒட்டணும். இத ஒழுங்காச் செய்யற வரைக்கும் மேட்ச்ல எறக்க மாட்டேன்." முகத்துக்கு நேராக ஒருவர் நல்லபடியாகச் சொன்னால் எனக்கு மறுக்கத் தெரியாது. சரி என்றேன். சரி என்று சொன்னது சரியா என்று அதற்குப் பிறகு தினமும் யோசித்தேன்.

அவள் கணக்குத் தப்பவில்லை. டீச்சர் மகள் போகிறாள் என்றதும் பெண் பிள்ளைகள் வந்தார்கள். அடுத்து எடப்புளி நாட்டில் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள், பிறகு குண்டனி நாட்டில் ஒன்று. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். அதுவரை கீழே உள்ள கல்லூரிப் பிள்ளைகளை மட்டும் வைத்து நடந்துகொண்டிருந்த மாவட்டச் சங்கம் எங்கள் கிளப்புகளையும் சேர்த்துக்கொண்டது. சங்கத்தின் செயலாளர் ஒரு பெரிய உருவம். ஆடிய காலத்தில் மூக்கு உடைந்து சப்பையாகிவிட்டது. அந்த மூக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மகளின் மூக்கு ஞாபகம் வரும். கோணிப்பையில் பந்துகளை அள்ளிப்போட்டுக்கொண்டு மேலே வருவார். "டீச்சரம்மா, மலைப் பிள்ளைங்க மூச்சு இருக்கே, அது எங்க பிள்ளைங்களுக்கு வராதுங்க" என்பார். அவர்தான் மாவட்டப் பெண்கள் போட்டியை முதல் தடவையாக மலையில் நடத்தலாம் என்று பிடிவாதமாக நின்றவர்.

போட்டி அன்று கீழிருந்து வந்த அணிகள் வேனைவிட்டு இறங்கியபோது பாதிப் பேர் வெளுத்துப்போயிருந்தார்கள். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில். அப்படியிருந்தும் வாய் அடங்கவில்லை. ஒலிபெருக்கியில் "குண்டனி நாடு, எடப்புளி நாடு" என்று அணிகளை அழைத்ததும் ஒருத்தி கத்தினாள்:

"ஏய், வெளிநாட்டு டீமெல்லாம் வந்திருக்கு டோய்! இது எந்தக் கண்டத்துல இருக்கு?"

எங்கள் பிள்ளை ஒருத்தி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டே வந்தீங்கள்ல, அந்தக் கண்டத்துல."

மைதானமே சிரித்தது. அன்று முழுக்க அதுவே விளையாட்டானது. இவர்கள் அவர்களை வெளிநாடு என்றார்கள், அவர்கள் இவர்களை வெளிநாடு என்றார்கள். நானும் சிரித்தேன். கோட்டுக்குப் பக்கத்தில் முதலுதவிப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை அந்த வேலைக்கு நியமிக்கவில்லை. சும்மா உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது என்பதால் நானே எடுத்துக்கொண்டது.

மதியத்துக்கு மேல் கீழிருந்து வந்த ஓர் அணியோடு நடந்த ஆட்டத்தில் என் மகள் ஒருத்தியைப் பிடிக்கக் குனிந்தாள். எதிரே வந்தவள் கடைசி நொடியில் திசையை மாற்றினாள். என் மகளின் தலை பக்கத்தில் இருக்க வேண்டியது, முன்னால் போய்விட்டது. அவளுடைய முழங்கால் இவள் நெற்றிப்பொட்டில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாத தூரம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கேட்டது.

நடுவர் விசில் ஊதினார். நான் போய்ச் சேர்வதற்குள் என் மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கோச் பெண் அவள் முன்னால் மண்டியிட்டு, சங்கத்தில் சொல்லிக்கொடுத்த கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தாள். தலையில் அடிபட்டால் இவற்றைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த காரியம்.

"சாமி, இப்ப நாம எங்க இருக்கோம்?"

"கிரவுண்டுல."

"யாரோட ஆடறோம்?"

என் மகள் எதிரே நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு, "வெளிநாட்டோட" என்றாள்.

சுற்றி நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கோச் பெண்ணும் சிரிக்க வாயெடுத்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நான் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. கேலிக்குச் சொன்னாளா, உண்மையிலேயே அப்படி நினைத்துக்கொண்டு சொன்னாளா? பெற்றவளுக்கு அது தெரிய வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை.

"தெளிவாத்தானுங்க இருக்கா" என்றாள் கோச் பெண். அடுத்த நிமிடமே, "ஆனாலும் இன்னைக்கு ஆட்டம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க டீச்சர்" என்றாள்.

மலையில் இருக்கும் மருத்துவமனையில் நர்ஸ் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், நாடி பார்த்தார். "இப்போதைக்கு பயப்பட ஒன்னும் தெரியல. ஆனா தலைங்கறதால கீழ பெரிய ஆஸ்பத்திரில காட்டிருங்க. போற வழியில தூங்கி விழறாளா, வாந்தி எடுக்கறாளான்னு மட்டும் கவனமாப் பார்த்துக்கங்க. வாந்தி முக்கியம்."

"ஏங்க, போற வழி பூரா வளைவாச்சே" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அட, ஆமா" என்றார்.

செயலாளர் வாடகை ஜீப் ஒன்றைப் பிடித்து, தானே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மலைக்கார டிரைவர். பின்னால் நானும் மகளும். அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, கையை நான் பிடித்துக்கொண்டேன். எப்போதும் வளைவுப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வருவாள். படித்தால் வாந்தி கொஞ்சம் தள்ளிப்போகும் என்று அவளாகக் கண்டுபிடித்த வழி. "படி கண்ணு" என்றேன். "வேண்டாம்மா. கண்ணு வலிக்குது." அதைக் கேட்டதும் நான் டிரைவரைச் சீக்கிரம் போகச் சொன்னேன். அவர் சீக்கிரம் போனார். சீக்கிரம் போனால் அவளுக்கு வாந்தி வருமே என்று உடனே மெதுவாகப் போகச் சொன்னேன்.

"டீச்சர், ரெண்டுல ஒன்னு சொல்லுங்க. ஸ்டியரிங்கைத் திருப்பறதா, உங்களைத் திரும்பிப் பாக்கறதா?"

எனக்கு அழுகை வந்தது. அவர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். "ஒன்னும் ஆகாதுங்க. நான் தினம் ஓட்டற ரோடு" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் செயலாளர் கையைத் தூக்கினார். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து, அந்தப் பெரிய உடம்பைத் தடுப்புச் சுவர்மேல் கவிழ்த்துக்கொண்டு வாந்தி எடுத்தார். டிரைவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். "பாருங்க டீச்சர், எத்தனை பேர் மேல விழுந்து அமுக்குனாலும் அசையாத மனுசன். எங்க ரோடு சாச்சுப் போட்டுருச்சு." மகள் எட்டிப் பார்த்தாள். நான் அவள் தலையைத் திருப்புவதற்குள் அவளும் எடுத்துவிட்டாள். "அம்மா, வருது" என்று சொல்லவில்லை. என் மடியில், என் சேலையில்.

"வளைவு வாந்திதானுங்க" என்றார் டிரைவர்.

"அவரைப் பார்த்து வந்ததுதான்" என்று நானும் சொல்லிக்கொண்டேன். வளைவில் வந்ததா, அவரைப் பார்த்து வந்ததா, தலைக்குள் இருந்து வந்ததா? மிச்சமிருந்த வளைவுகள் முழுக்க அந்த மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே இறங்கினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கடைசியில், "நான் முழிச்சுட்டுத்தாம்மா இருக்கேன்" என்று எரிந்து விழுந்தாள். அந்த எரிச்சல் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

நாமக்கல் மருத்துவமனையில் இளவயது பெண் டாக்டர். எல்லாம் கேட்டுக்கொண்டே வந்து, "வாந்தி எடுத்தாளா?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் செயலாளர் பதில் சொன்னார். "அது வளைவு வாந்திங்க டாக்டர். நானே எடுத்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குப் புரிந்தது. மலையில் நடந்த முதல் போட்டி. ஆசிரியை மகளுக்குத் தலையில் ஆபத்து என்று செய்தி போனால் நாளைக்கே ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். மூன்று கிளப்பும் கலைந்துவிடும். எனக்கும் அந்த நினைப்பு இல்லாமல் இல்லை. அந்தப் பெண் பிள்ளைகளில் பலர் என் வகுப்பில் படித்தவர்கள்.

டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "எப்பவும் எடுப்பாளாம்மா?"

"எப்பவும் எடுப்பாளுங்க."

"இன்னைக்கு எப்பவும் போலவா, வேற மாதிரியா?"

எப்பவும் எப்படி எடுப்பாள்? எத்தனையோ தடவை அந்த ரோட்டில் அவளோடு ஏறி இறங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பீய்ச்சி அடித்து வருமா, குமட்டிக் குமட்டி வருமா, எடுத்த பிறகு முகம் தெளியுமா, வாடுமா, எதுவும் நான் பார்த்ததில்லை. செயலாளர் என் பக்கம் திரும்பி, எப்பவும் போலத்தான் என்று சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை லேசாக அசைத்தார். எப்பவும் போலத்தான் என்பது எவ்வளவு சுலபமான வார்த்தை. எனக்கும் அதை நம்பிவிட வேண்டும் என்றிருந்தது.

"தெரியலைங்க" என்றேன்.

டாக்டர் தலையசைத்தார். "தெரியலைன்னா ஸ்கேன் எடுத்துப் பார்த்துரலாம். ராத்திரி இங்கேயே இருக்கட்டும். இது சமதரை. இங்க எடுத்தா அது வளைவு வாந்தி இல்லை."

ஸ்கேன் அறைக் கதவு சாத்தியிருந்த நேரத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது. கணவர் வந்து சேர்ந்தார். செயலாளர் அவரிடம் மட்டும் பேசினார், என்னிடம் பேசவில்லை. ஸ்கேனில் ரத்தக் கசிவு எதுவும் இல்லை என்று டாக்டர் வந்து சொன்னதும், செயலாளர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டீச்சரம்மா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றார். விடியும்வரை மகள் வாந்தி எடுக்கவில்லை. காலையில் பரோட்டா கேட்டாள். இட்லிதான் கிடைத்தது.

மூளை அதிர்ந்திருக்கிறது, தான் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஓடக் கூடாது, பந்தைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். கணவர் ஒரே வரியில் முடித்தார். "போதும், இதோட விட்டுரு." மகள் என்னைப் பார்த்தாள். நான் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அவள் வீட்டில் கிடந்த நாட்களில் மைதானத்தில் பெண் பிள்ளைகள் குறைந்தார்கள். அம்மாக்கள் பள்ளிக்கூடத்து வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்கள். "நீங்க இனி அனுப்புவீங்களா டீச்சர்? அதச் சொல்லுங்க, நாங்களும் அது மாதிரியே செஞ்சுக்கறோம்." என்னை வைத்து இத்தனை பேர் முடிவெடுப்பது எனக்கு வேறொரு பயத்தைக் கொடுத்தது. டாக்டர் சொல்லட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். சங்கத்தில், ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் மலையில் ஆட்டம் தொடங்காது என்று முடிவு செய்தார்கள். செயலாளர் அதைச் சொல்வதற்காகவே மேலே வந்துபோனார். நல்ல காரியம்தான். ஆனால் ஆம்புலன்ஸும் அதே ரோட்டில்தானே இறங்க வேண்டும்?

டாக்டர் சரி என்று சொன்னார். கணவரிடம் நான் பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் கோர்வையாகச் சொல்லத் தெரியாது. "நீ பார்த்துக்கறதுன்னா அனுப்பு" என்றார். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் நாள் பயிற்சிக்கு நானும் போனேன். ஓட்டம் முடிந்து, பிள்ளைகளை ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிறுத்தினாள் கோச் பெண். என் மகளுக்கு எதிரே பந்தோடு நின்றவள் அவளைவிட ஒரு பிடி உயரம். விசிலை வாயில் வைத்த கோச் பெண், ஊதாமல் கோட்டோரம் நின்ற என்னைப் பார்த்தாள். மற்ற அம்மாக்களும் என்னைப் பார்த்தார்கள். மகள் மட்டும் பார்க்கவில்லை. முழங்காலை மடக்கி, தலையைப் பக்கத்தில் வைத்துத் தயாராக இருந்தாள். நான் தலையை ஆட்டினேனா, இல்லை கண்ணை மூடிவிடாமல் இருக்கப் பார்த்ததில் தலை ஆடியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசில் கேட்டது.