சத்தம் போடாத கருவி

சுமதியைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இருவரும் ஒன்றாகத்தான் நரம்பு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். ஆனால் கோயமுத்தூரில் எங்கள் சர்ஜன் ஆபரேஷனில் நரம்பைக் கண்காணிக்கத் தேடுவது அவளைத்தான்.

தொண்ணூறுகளில் ஒருநாள், தாராபுரத்து அம்மா ஒருவருக்குக் காதோரத்தில் கட்டி. முகத்தை அசைக்கும் நரம்பு அதை ஒட்டியே ஓடியது. கத்தி நரம்பைத் தொட்டால் முகத்தசை துடிக்கும்; அந்தத் துடிப்பைப் பிடித்து எங்கள் கருவி படபடவென்று ஒலிக்கும். அன்று சத்தமே இல்லை.

"நரம்பு தள்ளி இருக்குதுங்க சார், அறுக்கலாம்" என்று அவளை முந்திக்கொண்டு சொன்னேன்.

"கொஞ்சம் நில்லுங்க சார்" என்ற சுமதி, மயக்க மருந்து கொடுத்த டாக்டரிடம் திரும்பினாள். "இத்தனை அமைதியா இருக்காதுங்க. தசை தளர ஊசி ஏதாச்சும் போட்டீங்களா?"

அவர் ஆமென்று தலையாட்டினார். தளர்ந்த தசை துடிக்காது. அது துடிக்காவிட்டால் கருவியும் ஒலிக்காது. மருந்தின் வேகம் தணியும்வரை காத்திருந்தோம். அதே இடத்தைத் தொட்டதும் கருவி படபடத்தது.

மறுநாள் அந்த அம்மா வாய் கோணாமல் சிரித்தார். முன்னால் நின்ற என்னைக் கும்பிட்டு, "நீங்க நல்லா இருக்கோணுங்க தம்பி" என்றார். பக்கத்தில் நின்ற சுமதி, காப்பாற்றியது தான் என்று காட்டிக்கொள்ளாமல், அவருடைய தலையணையைச் சரிசெய்தாள்.

அந்த மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று எனக்கு இன்றும் பொறாமைதான்.