பிராம் ஜூஃபுக்குக் கோபம் வந்த கதை

பிராம் ஜூஃப் தன் நாட்டின் சரித்திரத்தை இருபது அடி தூரத்துக்குள் சொல்லி முடித்துவிடுவான். ஆற்றின் வடகரையில் உள்ள பாரா என்ற ஊரில் படகுகள் மணல்வரை வருவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரிலேயே நின்றுவிடும். அங்கிருந்து ஆட்களைத் தோளில் சுமந்து கரை சேர்ப்பதுதான் பத்தொன்பது வயதிலிருந்து அவன் பிழைப்பு. இப்போது ஐம்பத்து நாலு.

“காம்பியான்னா என்ன? இந்த ஆறும் ரெண்டு கரையும். வெள்ளைக்காரன் கப்பல்ல நின்னு பீரங்கி வெடிச்சான். குண்டு விழுந்த இடம் வரைக்கும் எனக்குன்னு கோடு போட்டுக்கிட்டான். கஞ்சப்பய! இன்னும் ரெண்டு பிடி மருந்து போட்டிருந்தா நாடு கொஞ்சம் அகலமா இருந்திருக்கும்” என்பான். அதற்குள் மணல் வந்துவிடும். இமாம், மணப்பெண், தண்ணீரைக் கண்டால் அலறும் வரி அதிகாரி, பெருநாள் ஆடு, எல்லாரும் அவன் தோளில் இதைக் கேட்டவர்கள். ஆடு மட்டும்தான் மறுத்துப் பேசியது.

செவ்வாயும் வெள்ளியும் தென்கரையிலிருந்து சிரா குஜாபி வருவாள், புகைபோட்ட சிப்பிக்கறி விற்க. அவள் ஜோலா இனம், இவன் செரேர் இனம். ஆதியில் அக்கா தங்கை இருவர் ஒரே படகில் வந்தார்களாம். ஆறு கடலில் சேரும் இடத்தில் புயலடித்துப் படகு இரண்டாகப் பிளந்ததாம். ஒருத்தி தெற்கே ஒதுங்கி ஜோலாக்களைப் பெற்றாள், மற்றவள் வடக்கே ஒதுங்கி செரேர்களைப் பெற்றாள். அன்றிலிருந்து இரண்டு கூட்டமும் கேலி முறைக்காரர்கள். பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் அடிமை என்று திட்டலாம், கேட்காமல் சட்டியில் கைவிட்டு மீனை எடுக்கலாம். கோபம் மட்டும் கொள்ளக்கூடாது. கொண்டால் அதைவிடப் பெரிய பாவம் இல்லை.

பிராமுடைய அப்பா செத்த அன்று அந்த உரிமையில் சிரா பிணப்பாயில் ஏறிப் படுத்துக்கொண்டு அச்சு அசலாகக் கிழவனைப் போலவே குறட்டை விட்டாள். “எனக்குக் கடலைக்குழம்பு ஊத்தி ஒரு தட்டு சோறு போடாம எங்கயும் வரமாட்டேன்” என்று கிழவன் குரலில் அடம் பிடித்தாள். காலையிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த பிராம் வாய்விட்டுச் சிரித்தான். பிறகுதான் அவனுக்கு அழுகையே வந்தது.

அப்படிப்பட்டவளிடம் போய் இவன் கோபப்பட்டானே, அதைச் சொல்ல வேண்டும். இந்த மழைக்காலத்தில் அவன் வலது முட்டி பழுதாகிவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் ஆட்கள் இளவட்டங்களின் தோளைத் தேடிப் போய்விடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சிரா அவன் தோளில் இருந்தபடியே கரைக்கெல்லாம் கேட்கக் கூவினாள்.

“ஏ ஜனங்களே, என் அடிமைக்கு முட்டி ஆடுது! கம்பங்கூழு குடிச்சா இப்பிடித்தான். ஜோலாவைப் பாத்து அரிசிச்சோறு தின்னக் கத்துக்கடா!”

கரை மொத்தமும் சிரித்தது. பிராம் அவளை முழங்கால் தண்ணீரில் தொப்பென்று இறக்கினான்.

“வாய மூடுடி! இனிமே என்கிட்ட பேசாத. என் தோளுக்கும் வராத!”

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. சிரா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு சந்தைக்கு நடந்தாள்.

“குஜாபி வீட்டுப் பொம்பளைகிட்ட நெசமாவே கோவப்பட்டீங்களா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?” என்று வீட்டில் மனைவி கும்பா பிடிபிடியென்று பிடித்தாள்.

செவ்வாய்க்கிழமை சிரா வேறொருவன் தோளில் வந்து இறங்கினாள். பிராமுக்கு எதிரே நின்றாள்.

“சுகமா இருக்கீங்களா? வீட்டுல எல்லாரும் சௌக்கியந்தானே?”

பிராமைச் செருப்பால் அடித்திருந்தாலும் தேவலை. முப்பது வருஷமாகத் திட்டிய வாய் மரியாதை கொடுக்கிறதே! ஊர்பேர் தெரியாதவனை விசாரிப்பது போல அல்லவா விசாரிக்கிறாள்! அடுத்த வாரமும் அதே சௌக்கியம். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளிடம் ஒரு திட்டு வாங்கினால் போதும் என்றிருந்தது.

மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் கோலாக் கொட்டையை வாங்கி முடிந்துகொண்டு, ஆற்றைக் கடந்து சிராவின் ஊரான லமினுக்குப் போனான். சிரா பெண்களோடு உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க, உக்காருங்க” என்று முக்காலியை நகர்த்தினாள்.

அவன் உட்காரவில்லை. கொட்டைகளை அவள் முன் வைத்தான்.

“நீ சொன்னது நெசம், சிரா. முட்டி போயிடுச்சு. உன்மேல கோவமில்ல. எல்லாரும் கேட்டுட்டாங்களேன்னு பயம். நாளைக்கு என் தோள்ல ஒருத்தரும் ஏறலேன்னா அப்புறம் நான் யாரு?”

பெண்கள் கத்தியை நிறுத்தினார்கள். சிரா ஒரு கொட்டையைக் கடித்தாள். மென்றாள். நிதானமாக மென்று விழுங்கினாள்.

“எஜமானி வீட்டுக்கு வர்ற அடிமை நாலே நாலு கொட்டையா கொண்டு வருவான்? அதுலயும் ஒண்ணு சொத்தை!”

பிராமுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“யாருன்னா கேட்ட? என் அடிமைடா நீ. முட்டி இருந்தாலும் அடிமை, போனாலும் அடிமை. இத்தன வருசமா எனக்கு வாச்ச ஒரே அடிமை, அதுவும் நொண்டி. உன்னை வேற எவ வெச்சுக்குவா? உக்காரு. கத்திய எடு.”

பிராம் முக்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் சிப்பியை அவன் கோணலாக உடைத்ததற்கு அவன் பாட்டன்வரை இழுத்துத் திட்டினாள்.