பனிக்கு இங்கிலீஷ்

நீங்கள் போனில் இங்கிலீஷ் படிக்கும்போது தவறாகத் தட்டினால் அது ஒரு துப்புத் தருகிறது. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறீர்கள். ஏழாம் வகுப்பில் நான் அந்தத் துப்புக்குப் பயந்தவன், மக்களே.

கேரளத்தில் நெய்யாற்றின்கரைப் பக்கம் எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டரில் ஓர் இங்கிலீஷ் பரீட்சை வைத்தார்கள். விடை தவறினால் துப்பு வரும். மறுபடியும் தவறினால் இன்னும் தெளிவான துப்பு வரும். சனிக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் ஓர் இடம்தான் மிச்சம். அந்த இடத்துக்காக நானும் என் மாமா மகளும் இந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தோம்.

மாமா பாறசாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். குடும்பத்தில் கம்ப்யூட்டர் அறிந்தவர் அவர் ஒருவர்தான். முந்தின நாள் எங்களை அழைத்து, "எலே மக்கா, அது சொல்லித் தாறது போலக் காட்டும், வாங்கிராதே. எத்தனை தடவை வாங்கினேன்னு உள்ளே எழுதி வைக்கும் ஆக்கும்," என்றார். நான் கேட்டுக்கொண்டேன். அவள் தன் அப்பா பேச்சைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

ஒரு கேள்வியில் லீவு லெட்டர் வந்தது. 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம்' என்பதற்கு அப்புறம் ஒரு கோடு. காய்ச்சலை நாங்கள் மலையாளத்தில் போலப் பனி என்றுதான் சொல்வோம். பனிக்கு இங்கிலீஷ் என்ன என்று தமிழ்-இங்கிலீஷ் அகராதியில் முன்பே பார்த்து வைத்திருந்தேன். 'ஸ்னோ' என்று அடித்தேன். உடனே திரையில் ஏதோ எழுத்து வந்தது. வாசிக்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

பக்கத்தில் அவளும் 'ஸ்னோ'தான் அடித்தாள். ஒரு துப்பு வாங்கினாள், இரண்டாவதும் வாங்கினாள். மூன்றாவதில் தெர்மாமீட்டர் படம் வந்ததும், "ஓ, மத்த பனியாக்கும்," என்று உரக்கச் சொல்லி டீச்சரிடம் திட்டும் வாங்கினாள்.

தாளில் இரண்டு மார்க் போட்டுத் தந்தார்கள். ஒன்று தனியாகச் செய்ததற்கு, மற்றது துப்போடு செய்ததற்கு. எனக்குப் பதினொன்று, பதினொன்று. அவளுக்கு ஒன்பது, பதினேழு. இடம் அவளுக்குப் போயிற்று.

வரும் வழியில், "எட்டு மார்க்கும் இரந்து வாங்கினதாக்கும்," என்றேன்.

"தந்தா வாங்கணும்லே. இனி உனக்குப் பனி வந்தா சொல்லு, லெட்டர் நான் எழுதித் தாறேன்," என்றாள்.

வீட்டில் அம்மாவிடம் தாளை நீட்டி, இரண்டு மார்க்கும் ஒன்றுபோல இருப்பதைப் பெருமையாகக் காட்டினேன். சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு தூரம் ஏறுகிறோம் என்று பார்க்கத்தான் அந்த இரண்டாவது மார்க் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

அடுத்த மாதம் எனக்கு நல்ல காய்ச்சல். லீவு லெட்டரை நானே எழுதினேன், அதே 'ஸ்னோ'வைப் போட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல்.