கூட்டேரிப்பட்டில் நின்ற கார்

பெரியப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை. அவருடைய பழைய காரின் வெப்ப மீட்டர்தான் வருகிறது. கட்டைவிரல் அகலம், ஒரு கோடியில் நீலம், மறு கோடியில் சிவப்பு, இடையில் ஒரு முள். திண்டிவனம் ஊருக்குள் முள் ஒழுங்காக நடுவில் நிற்கும். பைபாஸ் ஏறியதும் சிவப்பை நோக்கி நகரும். அவர் பேச்சை நிறுத்திவிட்டு அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். கூட்டேரிப்பட்டில் ஓரம்கட்டி, பானெட்டைத் தூக்கிவிட்டு, அங்கிருந்த பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

பெரியம்மா இறந்த பிறகு சனிக்கிழமைதோறும் விழுப்புரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் மதியம் சாப்பிட்டுவிட்டு வருவது அவர் வழக்கம். முக்கால் மணி நேரத்தில் போகும் தூரத்துக்கு அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பஞ்சர் கடைக்காரருக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான்.

"வாங்க சார். இந்த வாரமும் வண்டிக்கு ஜுரமா?"

"நீ வேண்டிக்கினு உக்காந்திருப்ப போல. கரெக்டா உன் கடையாண்ட வந்துதான் சூடாவுது."

"வேற யாரு வர்றா நம்ம கடைக்கு? டியூப் இல்லாத டயர் வந்து என் பொழப்பே பேஜாராப் போச்சு."

அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, உரித்துக்கொண்டு, மழை, மருமகன், சர்க்கரை மாத்திரை என்று இருவரும் பேசித் தீர்த்தார்கள். பெரியப்பா வீட்டில் ஒரு வாரம் பேசுவது அந்த ஒரு மணி நேரத்தில் பேசியதில் பாதிகூட இருக்காது. அதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் என் கண்ணெல்லாம் காரின் மேல் இருந்தது.

அப்போது மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். கையும் சும்மா இருக்கவில்லை, வாயும் சும்மா இருக்கவில்லை. ஊர் மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டார்கள், சென்சாரை மாற்றிவிட்டார்கள், முள் மட்டும் மாறவில்லை. நான் அந்த சென்சாரைக் கழற்றி, பெரியம்மா பால் காய்ச்சிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து அதற்குள் விட்டு, மல்டிமீட்டரில் பார்த்தேன். சென்சார் சரியாகத்தான் இருந்தது. இன்ஜினை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். முள் நடுவிலேயே நின்றது. பிறகு ஏன் பைபாஸில் மட்டும்?

அவரையே கேட்டேன். பைபாஸ் ஏறியதும் என்ன செய்வீர்கள்?

"என்ன பண்ணுவேன்? பட்டப்பகலா இருந்தாலும் லைட்ட போட்டுக்குவேன் பாப்பா. அப்பதான் முன்னாடி போறவன் கண்ணாடியில பார்த்து வழி விடுவான்."

ஹெட்லைட்டைப் போட்டேன். முள் எழும்பிச் சிவப்பை நோக்கிப் போனது. அணைத்தேன். நடுவுக்கு வந்தது. இன்ஜின் சூடாகவே இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில் மீட்டரின் எர்த் ஒயர் துருப்பிடித்து, திருகு தளர்ந்து கிடந்தது. அதனால் லைட் எரிந்தாலே மீட்டர் தப்பாகக் காட்டியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினேன். பத்து நிமிட வேலை. அன்றைக்கு நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த சனிக்கிழமையும் கூடப் போனேன். கூட்டேரிப்பட்டு நெருங்கியது. அவர் முள்ளைப் பார்த்தார். அது அசையவில்லை. கால் பிரேக்குக்குப் போய்த் திரும்பியது. கடைக்காரர் தண்ணீர் வாளியோடு எழுந்து நின்றிருந்தார். பெரியப்பா கையை மட்டும் காட்டினார். விழுப்புரத்தில் அக்கா, "என்னப்பா இவ்ளோ ஜல்தியா வந்துட்ட, இன்னும் அரிசியே களையல" என்றாள். அவர் ஹாலில், சத்தம் குறைத்து வைத்திருந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறை என்று குறைந்து, பயணமே நின்றுபோனது. சும்மா இறங்கிப் பேசிவிட்டுப் போகலாமே என்று ஒருநாள் சொன்னேன். "வேலை இல்லாம ஒருத்தர் கடையில போய் எதுக்கு உக்காரணும்?" என்றார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த காலம் முழுக்க, காரியமில்லாமல் வந்து நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. தானும் அப்படி ஒருவராகிவிட அவர் தயாராக இல்லை. மழைக்காலத்தில் ஒரு மதியம், தூக்கத்திலேயே போய்விட்டார்.

கார் இப்போது என்னிடம் இருக்கிறது. விழுப்புரத்தில் வேலை, ஒற்றை அறை, அலைபேசியில் கூப்பிட்டுப் பேச யாரும் இல்லாத மாலைகள். எட்டு மாதம் திண்டிவனத்துக்கு அந்தக் கடையைக் கடந்துதான் போய்வந்தேன். போன வாரம்தான் நிறுத்தினேன். பெரியப்பா இறந்த செய்தி கடைக்காரருக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. சொன்னேன். கையிலிருந்த டயரை மெல்லக் கீழே வைத்தார்.

"வண்டிய நான்தான் சரி பண்ணேங்க. அது நிஜமா சூடே ஆவல, மீட்டர்தான் தப்பாக் காட்டிச்சு."

"தெரியும்மா. மொத நாளே ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன்."

"அவருகிட்ட சொல்லலியா?"

"சொல்லியிருந்தா அடுத்த வாரம் ஏன் வரப் போறாரு?"

பெஞ்சின் மேல் இருந்த டியூப்களை அவர் ஓரமாக ஒதுக்கினார். நான் உட்கார்ந்தேன். எனக்கு அங்கே எந்த வேலையும் இருக்கவில்லை.