அரசமரத்தடியில் இருப்பவரின் பெயர்

பெர்னதெத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. அது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று அவளைத் தெரிந்தவர்கள் கடைசிவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. யாரைப் பார்த்தாலும் பெயரைக் கேட்பாள். சொன்னதோடு விடமாட்டாள். "அதுக்கு என்ன அர்த்தம்?" என்பாள். பால்காரர், பஸ் கண்டக்டர், கோவிலில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கும் அம்மாள், ஒருவரும் தப்ப முடியாது. பாதிப் பேருக்குத் தங்கள் பெயரின் அர்த்தமே தெரியாது. "எங்கப்பா வெச்சாரு, அவரைப் போய்க் கேளு" என்று எரிந்து விழுவார்கள். அந்த அப்பா உயிரோடு இருந்தால் இவள் போய்க் கேட்கவும் கேட்பாள்.

அவள் பிறந்தது 1933 டிசம்பரில், கன்னடச் சீமையில் தமிழர்கள் நிறைந்த ரிச்சர்ட்ஸ் டவுனில். ஆரோக்கியமேரி என்று பெயர் வைப்பதாகத்தான் வீட்டில் பேச்சு. அந்த மாதம் பார்த்து ரோமாபுரியில் லூர்து நகரத்து ஏழைப் பெண் ஒருத்திக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அப்பா ஆம்ப்ரோஸ் பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு, பக்கத்து வீட்டார் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்படி பெர்னதெத் என்று வைத்துவிட்டார். தெருவில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. பெர்னா, பொன்னாத்தா என்று ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டார்கள். தன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று தேட ஆரம்பித்துத்தான் அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

இருபத்தோராம் வயதில், கன்னியர் நடத்திய ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் பதிவு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். அங்கே சிஸ்டர் பிரிஜெட் என்று ஓர் அயர்லாந்துக்காரி இருந்தாள். முதல் வாரமே இவள் அவளைப் பிடித்துக்கொண்டாள். "உன் பெயரா? கரடியைப் போல் தைரியமானவள் என்று அர்த்தம்" என்றாள் சிஸ்டர். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறும் பெர்னதெத்துக்கு இரண்டு நாள் சிரிப்பு அடங்கவில்லை.

அந்த மேஜை அவளுக்காகவே செய்துபோட்டது போல இருந்தது. மர்பி டவுன், அல்சூர் பக்கத்திலிருந்து எல்லா ஜாதியும் எல்லா மதமும் பிள்ளை பெற வரும். ஒவ்வொரு பெயரும் அவளுக்கு ஒரு கதை. மூன்று பிள்ளை செத்துப் போனபின் பிறந்ததை எமன் சீண்டக் கூடாது என்று குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று வைப்பது அவளுக்குத் தெரியும். கன்னடக்காரர்களும் அதே பயத்தில் அதே குப்பைமேட்டில் புரட்டித் திப்பய்யா என்று வைக்கிறார்கள் என்று தெரிந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். வாட்ச்மேன் சிக்கண்ணாவின் பெயருக்குச் சின்னவர் என்று அர்த்தம். அவள் தாத்தா பெயர் சின்னப்பன். சின்னப்பர் என்று கத்தோலிக்கர் சொல்வது பவுல் அப்போஸ்தலரை, பவுல் என்றாலும் லத்தீனில் சின்னவர்தான் என்று சிஸ்டர் சொன்னாள். "அப்போ நீங்களும் எங்க தாத்தாவும் செயின்ட் பாலும் ஒண்ணு சிக்கண்ணா" என்று இவள் போய்ச் சொல்ல, அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "ஹௌதா மிஸ்ஸம்மா, அப்டியா? சம்பளம் மட்டும் ஏன் எனக்கு இப்டி?" என்றார்.

ஆனால் பதிவுப் பாரத்தில் ஒரு கட்டம் மட்டும் தினமும் அவள் பிராணனை வாங்கியது. கணவன் பெயர். முக்கால்வாசிப் பெண்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. வேறு யாராவது சொன்னால் "ம்" என்று தலையாட்டலாம், அதில் தோஷமில்லை. ஆகவே குறிப்புக் கொடுப்பார்கள், இவள் கண்டுபிடிக்க வேண்டும். பாம்பு மேல் படுத்தவர் என்றால் ரங்கநாதனில் ஆரம்பித்து ஆதிகேசவன்வரை போவாள். பச்சையம்மன் கோவில் திசையைக் கைகாட்டிவிட்டுக் காதில் உள்ள முத்தைத் தொட்டால் பச்சைமுத்து. ஒரு துலுக்க அம்மாள், "கிணத்துல தள்ளிவிட்டாங்களே, அந்த நபி" என்றாள். வேதாகமத்தில் அண்ணன்மார் குழியில் தள்ளிய தம்பி நினைவுக்கு வர, பெர்னதெத் துள்ளிக் குதித்து, "சூசை!" என்றாள். அந்த அம்மாள் முகம் சுளித்தாள். அப்புறம்தான் இவளுக்கு உறைத்தது. கிணறு ஒன்றுதான், அதில் விழுந்தவரும் ஒருவர்தான், வீட்டுக்கு வீடு கூப்பிடும் பெயர் வேறு. "யூசுப்?" என்றாள். "ம்" வந்தது.

நான்கு வருஷத்தில் அவள் அதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

1958 ஜூலையில் ஒருநாள், தூறலோடு பதினொன்றரை மணிக்கு ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. மர்பி டவுன் வள்ளியம்மா தன் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைத் தாங்கிப் பிடித்து இறக்கினாள். பெண்ணின் பெயர் காந்தா. முதல் பிரசவம், வலி கண்டு ஒரு நாளாகிவிட்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு வெளியே வந்தபோது முகம் சரியாக இல்லை. குழந்தை குறுக்கே கிடக்கிறது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றாள். வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் கத்தி வைப்பதில்லை என்பது அந்த ஆஸ்பத்திரியின் சட்டம். "ஒன்றரை மணிக்குள்ள அவரைக் கொண்டுவாங்க. அதுக்கு மேல போனா ரெண்டு உயிருக்கும் நான் ஜவாப்தாரி இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"அவரு மில்லுல கீறாரு மிஸ்ஸம்மா. காலை ஷிப்ட்டு" என்றாள் வள்ளியம்மா.

"பேர் என்ன?"

"அது இன்னான்னு எனக்குத் தெரியாதே. கோலார்லேர்ந்து வந்து ஒரு மாசந்தான் ஆவுது. கோலார்க்காரருன்னுதான் கூப்புடுவோம்."

மில்லில் மூவாயிரம் பேர். கேட்டில் பெயர் சொல்லாமல் ஒருவரையும் வெளியே கூப்பிட முடியாது. கோலாரிலிருந்து வந்தவர்களே முந்நூறு பேர் இருப்பார்கள்.

பெர்னதெத் கட்டிலருகே போய்க் குனிந்தாள். "அம்மா, உன் வீட்டுக்காரர் பேரைச் சொல்லு. ஆள் அனுப்பணும்." காந்தா தலையை அசைத்தாள். உதடு கடிபட்டு ரத்தம் கட்டியிருந்தது. "இந்த ஒரு தரம் சொல்லும்மா, பாவமில்லை."

"மாட்டேன் மிஸ்ஸம்மா. அவரு மிஷின்ல நிக்கிறவரு. நான் சொல்லி அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

பெர்னதெத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. உயிர் போகிற நேரத்தில் இது என்ன பிடிவாதம் என்று அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "சரி, குறிப்பாவது சொல்லு" என்றாள்.

வலி ஒன்று வந்து போகும்வரை காத்திருந்து காந்தா சொன்னாள்: "அரசமரத்தடியில இருக்கிறாரே... அவரு பேரு."

பெர்னதெத்துக்கு மூச்சு வந்தது. இதைவிடச் சுலபமாகக் குறிப்பு கொடுக்க முடியாது. "விநாயகம்?" இல்லை. "கணபதி? கணேசன்?" இல்லை. விக்னேசுவரன், கஜபதி, சித்திவிநாயகம் எல்லாம் வரிசையாகப் போயின. வள்ளியம்மா தன் பங்குக்குப் பிள்ளையார்சாமி என்றாள். வாசல்படியில் நின்ற சிக்கண்ணா, "பெனகப்பா? கணப்பா?" என்று கன்னடப் பெயர்களைக் கொடுத்தார். காந்தா ஒவ்வொன்றுக்கும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள். அசைப்பு வர வரச் சின்னதாகிக்கொண்டே போனது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

பெர்னதெத்துக்குப் பெயர்கள் தீர்ந்துபோயின. நான்கு வருஷத்தில் முதல் தடவை. கரடி மாதிரி தைரியமாம், என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அப்போது அந்தத் துலுக்க அம்மாளின் சுளித்த முகம் நினைவுக்கு வந்தது. மரம் நாம் நினைக்கிற மரம்தான். அடியில் உட்கார்ந்திருப்பவர்?

"வள்ளியம்மா, இவங்க வீட்டுல எந்தச் சாமி படம் மாட்டியிருக்கு?"

"சாமி படமே கெடையாது மிஸ்ஸம்மா. கண்ணை மூடிக்கினு குந்தியிருக்கிற ஒரு சாமியார் படம் ஒண்ணு கீது. போன பௌர்ணமிக்கு அதுக்குப் பூ வெச்சி மெழுகுவத்தி ஏத்தினாங்க. மெழுகுவத்தி ஏத்தறாங்களே, உங்க ஆளுங்கதான் போலன்னு நெனச்சிக்கினேன்."

கோலார் தங்கவயலில் தமிழ்ப் பௌத்தர்கள் இருக்கிறார்கள் என்று அப்பா எப்போதோ சொன்னதுண்டு. ரயிலில் வெள்ளை உடுத்திக்கொண்டு வைகாசிப் பௌர்ணமிக்குப் போவார்களாம்.

"புத்தர்!" என்று கத்தியே விட்டாள். காந்தா கண்ணைத் திறந்தாள். "சித்தார்த்தன்?" இல்லை. ஆனால் அந்த இல்லையில் ஓர் அவசரம் இருந்தது, இன்னும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்பது போல. "கௌதமன்?"

"ம்" என்றாள் காந்தா. சொல்லிவிட்டு அழுதாள்.

"கோலார் கௌதமன்!" என்று பெர்னதெத் திரும்புவதற்குள் சிக்கண்ணா சைக்கிளில் ஏறிவிட்டார். "பேக பர்த்தீனி மிஸ்ஸம்மா!" என்ற குரல் மட்டும் கேட்டிலிருந்து வந்தது. சீக்கிரம் வருகிறேன் என்றவர் உண்மையிலேயே சீக்கிரம் வந்தார். ஒரு மணிக்கு அந்தச் சைக்கிள் திரும்பியபோது மிதித்தவர் கௌதமன், பின்னால் கேரியரில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவர் சிக்கண்ணா. கௌதமனுக்கு முப்பது வயதிருக்கும். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. மா. கௌதமன் என்று தமிழில் கையெழுத்துப் போட்டார். பெர்னதெத் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் ஒரு பெயரின் அர்த்தத்தைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் அறைக் கதவு சரியாகச் சாத்தாத கதவு. சிஸ்டர் பிரிஜெட் முகமூடியில் ஈதர் மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒன்று இரண்டு எண்ணச் சொல்வது வெளியே கேட்டது. காந்தா எண்ணினாள். ஆறோடு எண்கள் நின்றன. பிறகு அவள் குரல் வந்தது, தெருவில் தூரத்தில் போகிறவரைக் கூப்பிடுவது போல.

"கௌதமா! கௌதமா, கையைப் பாத்துக்கப்பா... மிஷினாண்ட கையை வெக்காத... கௌதமா..."

திரும்பத் திரும்பச் சொன்னாள். மருந்து இழுத்துக்கொண்டு போகும்வரை சொன்னாள்.

கௌதமன் சுவரில் கை ஊன்றி நின்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பெர்னதெத்துக்குத் தெரியவில்லை, இரண்டும்தான். "கல்யாணமாகி அஞ்சு வருஷம் மிஸ்ஸம்மா" என்றார். "இவளுக்கு என் பேரு தெரியுமான்னே எனக்கு சந்தேகம் இருந்துச்சு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உசுரை விட்டுடுவா."

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

மறுநாள் காலை பெர்னதெத் பாரத்தில் விட்டுப்போன கட்டங்களை எழுத வார்டுக்குப் போனாள். காந்தாவுக்குக் குரல் எழும்பவில்லை. குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெர்னதெத்தின் கையைப் பிடித்து அருகில் இழுத்தாள்.

"மருந்து குடுத்தா ஒளறுவாங்களாமே மிஸ்ஸம்மா. நான் எதுனா சொன்னேனா?"

பெர்னதெத் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். பள்ளிக்கூடத்தில் திருடித் தின்ற நெல்லிக்காயைக்கூடக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னவள். அந்தப் பெண்ணின் கண்ணை நேராகப் பார்த்து, "ஆறு வரைக்கும் எண்ணினே. அப்புறம் தூங்கிட்டே" என்றாள்.

காந்தாவின் பிடி தளர்ந்தது. அதன்பிறகுதான் குழந்தை பக்கம் திரும்பினாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பெர்னதெத், தன் அம்மாவிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னாள், ஜெபத்தில் தூங்கியதைச் சொன்னாள். இதைச் சொல்லவில்லை. அதற்கு வருத்தப்படவும் இல்லை.

வருத்தமில்லையே தவிர, வேறொன்று அவளைப் பிடித்துக்கொண்டது. பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பதை அவள் நம்பவில்லை. அது அஞ்ஞானம் என்று ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனாலும் அல்சூர் மார்க்கெட்டில் காந்தாவைப் பார்க்கும் போதெல்லாம், சௌக்கியமா என்று கேட்கும் முன்பே, "வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?" என்று கேட்டுவிடுவாள். காந்தா சிரித்துக்கொண்டே, "அவருக்கு இன்னா மிஸ்ஸம்மா, கல்லு மாதிரி கீறாரு" என்பாள். அன்று முழுக்கப் பெர்னதெத்துக்கு மனசு லேசாக இருக்கும்.

1964 மே மாதம், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்று வேண்டும் என்று கௌதமன் ஒரு பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு மேஜைக்கு எதிரே வந்து நின்றார். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று விழுந்த வாய்.

"உன் பேரென்ன?" என்றாள் பெர்னதெத்.

"சுஜாதா."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் முழித்தவர்களையே பார்த்துப் பழகியவளுக்கு, அந்தக் குழந்தை மூச்சு விடாமல் ஒப்பித்தது: "அரசமரத்தடியில பட்டினியா இருந்தாரில்ல, அவருக்குப் பாயசம் கொண்டாந்து குடுத்தவங்க பேரு. நல்லபடியா பொறந்தவன்னு அர்த்தம்."

பெர்னதெத் பாரத்தை இழுத்து வைத்தாள். தந்தை பெயர் என்ற கட்டத்துக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் உடனே எழுதவில்லை. கௌதமன் மேஜை விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். காய்ப்பேறிய, நகத்தில் எண்ணெய்க் கறை படிந்த கைகள். அவற்றின் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பத்தும் இருந்தன. அப்புறம்தான் பேனாவை எடுத்தாள்.